வண்டின் கண்ணுக்கு விரித்த துணி

1

ஊரில் இருக்கும் உறவினர் பலருக்கு நான் மொன்ட்ரியாலில் ஓர் ஐஸ் கம்பனியில் வேலை செய்பவள். திருகோணமலையில் ஐஸ் கம்பனி என்றால் மீன்பெட்டிகளுக்குக் கட்டி உடைத்துக் கொடுக்கும் இடம். ஆகவே, இலக்கியம் படிக்கப் போன பெண் சாக்குக் கையுறையோடு ஐஸ் உடைக்கிறாள் என்று அவர்கள் வருந்தியதில் பிழை சொல்ல முடியாது. பெரியப்பா ஒருமுறை தொலைபேசியில், "பிள்ளை, கை வெடிச்சா நல்லெண்ணெய் பூசு. படிச்ச கை, கவனம்" என்றார். "ஓம் பெரியப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன். இந்தக் குறிப்பை அவருக்கு நான் அனுப்பத் தவறிய திருத்தமாகவும் கொள்ளலாம்.

உண்மை இதுதான். நான் படிக்கும் பல்கலைக்கழகத்தில் கடற்பனியை ஆராயும் சிறு குழு ஒன்று இருக்கிறது. குளிர்காலத்தில் மொன்ட்ரியாலுக்கு வரும் கப்பல்கள் முதலில் உறைந்த வளைகுடாவைக் கடக்க வேண்டும். பிறகு நதி வழியாக உள்ளே வர வேண்டும். எங்கே பனி மெல்லியது, எங்கே பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறுகியிருக்கின்றன, எந்த விரிசல் கப்பல் நுழையும் அளவுக்கு நீள்கிறது என்பதை முன்கூட்டியே அறிய, இந்தக் குழு ஆளில்லாத சிறு விமானங்களைப் பரிசோதிக்கிறது. விமானம் என்ற சொல் அதற்குச் சற்றுப் பெரியது. இறக்கைகள் என் இரு கைகளையும் விரித்த அகலம் இருக்கும். பஞ்சுபோன்ற பொருளால் ஆன உடல், வயிற்றில் ஒரு கமரா. ஒரு மாணவன் ஓடிப்போய்க் கையால் எறிந்துவிடுவான். அது பறந்து போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவரும்.

அந்தப் படங்களைப் பார்த்து வகைப்படுத்துவதுதான் என் பகுதிநேர வேலை. மெல்லிய பனி, தடித்த பனி, விரிசல், திறந்த நீர் என்று ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் இடுவேன். எதுவும் பொருந்தாவிட்டால் 'தெரியவில்லை' என்றொரு வகையும் உண்டு. இலக்கிய மாணவியை ஏன் எடுத்தார்கள் என்று கேட்பவர்களுக்கு: விளம்பரத்தில் 'பொறுமையாக வாசிக்கக் கூடியவர் தேவை' என்று இருந்தது. அதை நான் நம்பி விண்ணப்பித்தேன். அவர்களும் அதை நம்பித்தான் எழுதியிருந்தார்கள்.

'ஐஸ் கம்பனி' அம்மாவின் மொழிபெயர்ப்பு.

"ஆளில்லாத ப்ளேன் எண்டு போனில வாய் திறந்திராத. அங்க கேட்டுக்கொண்டு இருப்பாங்கள். இங்கயும் தமிழ்ப் பிள்ளை ப்ளேன் விடுது எண்டா ஆர் என்ன நினைப்பினமோ."

"அம்மா, அது கப்பலுக்கு வழி பாக்கிற ப்ளேன்."

"அதின்ர நெத்தியில அப்பிடி எழுதிக் கிடக்கோ?"

ஆகவே ஐஸ் கம்பனி நிலைத்துவிட்டது.

2

அண்ணி வந்து இந்த வசந்தத்தோடு ஓராண்டு நிறைகிறது.

அண்ணன் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையொன்றில் வேலை செய்கிறார். ஊருக்குப் போய் மணம் செய்துவிட்டுத் தனியே திரும்பினார். மனைவியை அழைப்பதற்கான விண்ணப்பம் நெடுநாள் நகர்ந்தது. இடையில் ஒரு கடிதம் வந்தது: திருமணப் படங்களில் மணமகள் ஒன்றில்கூடச் சிரிக்கவில்லை, இது உண்மையான திருமணந்தானா என்று விளக்கவும். எங்கள் பக்கத்தில் மணவறையில் இருக்கும் பெண் பல்லைக் காட்டிச் சிரித்தால், அதற்கும் உறவினர்கள் விளக்கம் கேட்பார்கள் என்று எழுத விரும்பினேன். சீரான பிரெஞ்சில் வேறொன்றை எழுதி அனுப்பினேன். அந்த விளக்கம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்த காலத்தில்தான் அண்ணி போரில் வாகரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகத் தங்கினார்.

கிழக்கிலும் வன்னியிலும் ஆளில்லாத வேவு விமானத்துக்கு மக்கள் இட்ட பெயர் வண்டு. மேலே நின்று இரைந்துகொண்டே இருக்கும். வண்டு சுற்றிப் போனால் பின்னால் செல் எனப்படும் எறிகணை வரும், அல்லது குண்டுவிமானம் வரும். இரைச்சல் கேட்டதும் அடுப்பை அணைப்பார்கள், கூட்டமாக நிற்பவர்கள் பிரிந்து போவார்கள். நான் சிறுமியாகவே இங்கு வந்துவிட்டவள். இவை எனக்குச் செவிவழிச் செய்தி. அண்ணிக்கு அன்றாடம்.

ஆகவே அவர் விமானநிலையத்தில் இறங்கும் முன்பே அண்ணன் என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டார். "அவளுக்கு முன்னால உன்ர வேலையைப் பற்றிக் கதைக்கக் கூடாது. படம் பாக்கிறதெண்டா கதவைச் சாத்திப்போட்டுப் பார். சத்தம் போடாத. கொம்ப்ரி?" விளங்கியதா என்று கேட்பது போன்ற கண்டிப்பான இடங்களில் அண்ணன் பிரெஞ்சுக்குப் போய்விடுவார்.

இப்படியாக, பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டிலும் நான் ஐஸ் கம்பனிக்காரி ஆனேன்.

அண்ணி காலையில் பிரெஞ்சு வகுப்புக்கும் பிற்பகலில் தையல் தொழிற்சாலைக்கும் போனார். வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரேயொரு விசித்திரம் வெள்ளைத் துப்பட்டி, கட்டிலில் விரிக்கும் துணி. பின் பல்கனியில், சந்துக்குக் குறுக்கே கப்பியில் ஓடும் கொடியொன்று இருக்கிறது. அதன் நடுவில், எல்லாருக்கும் தெரியும்படி, ஒரு வெள்ளைத் துப்பட்டியை அவர் எப்போதும் போட்டிருப்பார். மழையானாலும் பனியானாலும் எடுக்க மாட்டார். ஜனவரியில் அது பலகையாக விறைத்துத் தொங்கியது.

"பிள்ளை, உது அப்பளம் மாதிரி நொருங்கப் போகுது. உள்ளுக்குப் போடன்" என்பார் அம்மா.

"கிடக்கட்டும் மாமி."

கட்டடத்தைப் பராமரிக்கும் கஸ்தோன், பனி வாருவதை நிறுத்திவிட்டு ஒருநாள் மேலே பார்த்துக் கத்தினார்: "என்ன மதாம், குளிர்காலத்திடம் சரணடைந்துவிட்டீர்களா?" அண்ணிக்கு அந்த அவசரத்தில் வாயில் வந்த பிரெஞ்சு, நன்றி என்ற ஒரு சொல்தான். "மெர்சி" என்று பணிவாகச் சொன்னார். கஸ்தோன் நெடுநேரம் சிரித்தார்.

3

வண்டு வெளியே வந்தது ஒரு தையல் வேலையால்.

விமானம் எடுக்கும் படத்தில் எது எவ்வளவு பெரியது என்று கணக்கிட, கரையை ஒட்டிய பனியில் முன்கூட்டியே துணிச் சதுரங்களை விரித்து வைப்பார்கள். செம்மஞ்சள் துணி, நடுவில் கறுப்புச் சிலுவை, நான்கு மூலையிலும் ஆணி அடிக்கத் துளை. பெப்ரவரிக் காற்று எல்லாவற்றையும் கிழித்துவிட்டது. புதிதாக வாங்குவதற்குப் பல்கலைக்கழக விதிப்படி மூன்று கடைகளில் விலை கேட்டு, மூன்று பேர் ஒப்பமிட வேண்டும். துணி வரும்போது பனி உருகிக் கடலில் கலந்திருக்கும். குழுவின் தலைவி எலென் எங்களைப் பார்த்து, "தையல் தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா?" என்றார். யோசிக்காமல், என் அண்ணனின் மனைவிக்குத் தெரியும் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில், மெட்ரோவில், ஒரு பொய்யைத் தயாரித்தேன். அது மோசமாக அமைந்தது.

"அண்ணி, கம்பனிக்கு மேசைவிரிப்பு மாதிரி ஒண்டு தைக்க வேணுமாம்."

அண்ணி துணியைப் பார்த்தார், மாதிரிப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுபேச்சில்லாமல் சமையலறை மேசையில் மெஷினை வைத்துத் தைக்கத் தொடங்கினார். நான் நூல் கோர்த்துக் கொடுத்தேன். முதல் சதுரம் முடிந்து இரண்டாவதில் சிலுவை ஏறும்போது, தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"மச்சாள், ஐஸ் கம்பனியில மேசையளை நிலத்தோட ஆணி அடிச்சோ வைப்பினம்?"

நான் நூல் முனையைத் தேடினேன்.

"இது பக்கத்தில நிண்டு பாக்கிற துணி இல்ல. மேலயிருந்து பாக்கிற துணி. உங்கட கம்பனியில வண்டு நிக்குது, என்ன?"

"எப்பிடித் தெரியும் அண்ணி?"

"நீங்க கதவைச் சாத்திப்போட்டுப் படம் பாக்கிறீங்க. தேத்தண்ணி கொண்டு வந்து தட்டினா நீங்க படத்தை மூடுறதுக்கிடையில எனக்கு ஒரு துண்டு தெரியும். வெள்ளையில கறுப்புக் கோடு. மேலயிருந்து எடுத்தது எண்டு விளங்காதோ? அவரிட்டச் சொல்லேல்ல. நான் தெரியாத மாதிரி இருக்கிறது உங்கட அண்ணாவுக்கு நிம்மதி."

"பயமா இருக்கேல்லையா?"

"பயம் கிடக்கட்டும், அது என்னோட வந்ததுதான்." மெஷினை நிறுத்தினார். "நான் உங்களிட்ட ஒண்டு கேக்க வேணும் எண்டு கன நாளாப் பாத்துக்கொண்டிருக்கிறன். மேலயிருந்து பாத்தா வெள்ளைத் துணி தெரியுமோ?"

4

அண்ணி சொன்னதை அவர் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தின் மேல் வண்டு தொடர்ந்து வந்தது. அங்கே இருப்பவர்கள் குடும்பங்களும் குழந்தைகளும் என்று மேலே இருக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெரிய வெள்ளைத் துணி ஒன்று வேண்டும். இடம்பெயர்ந்தவர்களிடம் அப்படி ஒன்று எங்கே இருக்கும்? ஆனால் எந்தத் தாயும் பிள்ளையின் பள்ளிச் சீருடையைக் கைவிட்டு வரவில்லை. வீட்டை விட்டு ஓடும்போதும் மூட்டையில் முதலில் வைத்தது அதுதான். நம் நாட்டில் சீருடை வெள்ளை. முன்பள்ளி ஆசிரியையாக இருந்த அண்ணி ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சட்டைகளைக் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்து, துண்டுகளைக் கையாலேயே ஒன்றோடொன்று இணைத்தார். முற்றத்தின் நடுவில் விரித்து ஓரங்களில் கல் வைத்தார்கள்.

ஒருவர் மட்டும் சண்டை பிடித்தார். "வெள்ளையைக் காட்டினா இஞ்ச ஆக்கள் இருக்கிறது தெரிஞ்சிரும்."

"தெரியட்டும் எண்டுதானே விரிக்கிறம்" என்றார் அண்ணி.

அடுத்த நாள் ஒரு குடும்பம் காட்டுப் பக்கம் போகப் புறப்பட்டது. பார்வதி என்ற தாய், இரண்டு பிள்ளைகள். அண்ணிதான் மறித்தார். "துணி விரிச்சிருக்கிறம். இனிப் பயமில்ல, இருங்க." பார்வதி மூட்டையை இறக்கி வைத்தார்.

செல் விழுந்தபோது பார்வதி கிணற்றடியில் நின்றார். பிள்ளைகள் தப்பிவிட்டார்கள்; இப்போது மட்டக்களப்பில் தாய்மாமனோடு இருக்கிறார்கள்.

"துணி தெரியாம இருந்திருந்தா, நான் ஒரு கந்தலைக் காட்டி அந்த மனுசியை மறிச்சு வச்சிருக்கிறன்" என்றார் அண்ணி. "அதை எனக்கு அறிய வேணும்."

என்னிடம் ஆறுதலுக்கு நல்ல வாக்கியங்கள் இருந்தன. அவற்றை ஆக்கத்தான் பல்கலைக்கழகத்தில் பழக்குகிறார்கள். அவற்றை விட்டுவிட்டு அடுத்த நூலைக் கோர்த்தேன். துணி மேலேயிருந்து தெரியாது என்றால் அவர் மேல் பழி விழும். தெரியும் என்றால் அதைவிடக் கொடிய ஒன்று விழும். இரண்டையும் நான் எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் மூன்றாவது சதுரத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அவரும் எண்ணியிருப்பார், எனக்கு வெகு முன்னரே.

5

எலெனிடம் உண்மையைச் சொல்லி, ஒரு துணியை மேலேயிருந்து படமெடுத்துப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். தாய்மொழியல்லாத ஒன்றில் இதைச் சொல்வது எளிது. சொற்கள் நம் மேல் ஒட்டுவதில்லை. அவர், "என்ன நிறத் துணி?" என்று கேட்டார்.

"வெள்ளை."

"பனியில் தெரியாது. கரையில் புல் வெளிவரட்டும். ஏப்ரலில் நதிக்கரையில் கருவிகளைச் சோதிக்கப் போகிறோம். பறப்பு அனுமதியில் தரைக்குறிகள் என்றுதான் இருக்கிறது. எத்தனை என்று இல்லை." பிறகு சொன்னார்: "ஆனால் நாங்கள் பறக்கும் உயரம் குறைவு. அங்கே பறந்தது வேறு உயரம், வேறு கமரா. அவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்."

சொன்னேன். அண்ணி தலையசைத்தார்.

அண்ணனுக்குத் தெரிந்தபோது வீடு அதிர்ந்தது. "மறக்கட்டும் எண்டுதானே இவ்வளவு தூரம் கூப்பிட்டனான்! நீ அவளைத் திரும்பவும் அதுக்குக் கீழ கொண்டுபோய் நிப்பாட்டப் போறியோ? செ ஃபூ, தங்கச்சி, செ ஃபூ!"

பைத்தியக்காரத்தனம் என்பதை அவர் இருமுறை சொன்னார். அண்ணி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் பதில் சொன்னார்:

"மறக்கத்தான் போறன். அறிஞ்சுபோட்டு மறக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அன்று மாலை கொடியிலிருந்த வெள்ளைத் துப்பட்டியை அண்ணி உள்ளே எடுத்துவந்தார். அதைச் சிறு சட்டைகளின் அளவுக்கு வெட்டினார். அம்மா கொடுத்த இன்னும் இரண்டு பழைய துப்பட்டிகளையும் அப்படியே. பிறகு எல்லாவற்றையும் கையால் இணைத்தார். மெஷின் பக்கத்திலேயே இருந்தது. "அங்க கையால தைச்சதுதானே" என்றார்.

6

நகரத்துக்குக் கிழக்கே நதி அகன்று போகும் இடத்தில், சென்ற ஆண்டுப் புல் மண்ணிறமாகப் படுத்துக் கிடந்தது. தண்ணீரில் கடைசிப் பனிப்பாளங்கள் போய்க்கொண்டிருந்தன. செம்மஞ்சள் சதுரங்களை விரித்த பிறகு, அண்ணியும் நானும் வெள்ளைத் துணியை விரித்தோம். ஆணி வேண்டாம் என்றுவிட்டு, கல் பொறுக்கி ஓரங்களில் வைத்தார்.

மாணவன் ஓடிப்போய் விமானத்தை எறிந்தான். இரைச்சல் ஏறியது. அண்ணியின் கை என் கையைப் பிடிக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் எதிர்த்திசையில் விலகிப் போனார். போகும்போதே எங்களைப் பார்த்து, "ஒண்டா நிக்காதேங்க, பிரிஞ்சு நில்லுங்க!" என்றார்.

"என்ன சொல்கிறார்?" என்று எலென் கேட்டார். மொழிபெயர்த்தேன். எலென் தன் குளிர்மேலங்கியின் பைக்குள் கைகளை விட்டுக்கொண்டு, புல்லில் பல அடிகள் தள்ளிப்போய்த் தனியே நின்றார். மாணவர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்து போனார்கள். விமானம் எங்கள் மேல் வட்டமிட்ட நேரம் முழுவதும், ஆறு மனிதர்கள் ஒரு வெளியில் ஆளுக்கொரு மூலையாக நின்றுகொண்டிருந்தோம்.

அது இறங்கிய பிறகு, கடலிலிருந்து வந்த சரக்குக் கப்பலொன்று பாளங்களை ஒதுக்கிக்கொண்டு நதியில் மேலேறிப் போனது. அதன் பக்கமெங்கும் பனி உரசிய கீறல்கள். அண்ணி அது மறையும்வரை பார்த்தார்.

"வண்டுக்குப் பின்னால இஞ்ச வாறது இதுதானோ?"

"ஓம் அண்ணி."

"பெரிசு" என்றார்.

7

படத்தை வீட்டில், சமையலறை மேசையில், கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பார்த்தோம். அண்ணனும் இருந்தார், தனக்கு இதில் விருப்பமில்லை என்பதைக் காட்டக் குளிர்சாதனப் பெட்டியில் சாய்ந்து நின்றார்.

நாங்கள் பறந்த உயரத்தில் எல்லாமே தெரிந்தன. அதற்குப் பொருள் இல்லை. ஆகவே முன்பே யோசித்து வைத்திருந்ததைச் செய்தேன். படத்தின் நுணுக்கத்தைப் படிப்படியாகக் குறைத்தேன். ஒவ்வொரு படியும் கமராவை இன்னும் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஒப்பானது. முதலில் கற்கள் போயின. அடுத்து எங்கள் நிழல்கள். பிறகு நாங்கள்: எலென், மாணவர்கள், நான், கடைசியாகச் சிவப்புத் தொப்பி போட்டிருந்த அண்ணி. மனிதர் ஒருவரும் இல்லாத மண்ணிற வெளியில் துணி மட்டும் இருந்தது. இன்னும் ஒரு படி குறைத்தேன், இருந்தது. இன்னொன்று, ஓர் உப்புக்கல் போல இருந்தது. அதற்கும் அடுத்த படியில் அதுவும் போனது.

"இதில எது அவங்கட உயரம்?" என்று அண்ணி கேட்டார்.

"தெரியாது அண்ணி. நான் பொய் சொல்லக் கூடாது."

"சரி. ஆக்கள் மறைஞ்ச பிறகும் துணி நிண்டது, என்ன?"

"நிண்டது."

"எங்களை வண்டு பாத்திருந்தா, துணியையும் பாத்திருக்கும்."

"ஓம்." அந்த ஒன்றை நான் உறுதியாகச் சொல்ல முடிந்தது.

அண்ணி திரையில் துணி இருந்த இடத்தைத் தொட்டார். "அப்ப நான் பார்வதியைக் கந்தலைக் காட்டி மறிக்கேல்ல" என்றார். பிறகு, "அப்ப அவங்கள் தெரிஞ்சும்..." என்று தொடங்கினார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அண்ணன் வந்து, அவருக்குப் பின்னால் நின்று, தோளில் கை வைத்தார்.

இதை எழுதலாமா என்று பின்னர் கேட்டேன். "எழுதுங்க. என்ர பேர் வேண்டாம். பார்வதியின்ர பேரை மாத்தி எழுதுங்க" என்றார். மாற்றியிருக்கிறேன்.

மண்ணும் புல்லும் ஒட்டிய அந்தத் துணியை அண்ணி மறுநாள் தோய்த்து, வெயிலில் போட்டு, காய்ந்ததும் எடுத்து, தங்கள் கட்டிலில் விரித்தார். அடியில் தையல் வரிகள் குறுகுறுக்கும் என்று அம்மா சொன்னார். பழகிப்போகும் என்றார் அண்ணி.

கொடி வெறுமையாக இருக்கிறது. இன்று காலை கஸ்தோன் சந்தில் நின்று மேலே பார்த்தார்.

"வெள்ளைக்கொடி எங்கே, மதாம்?"

அண்ணி பல்கனிக் கம்பியில் கைகளை ஊன்றிக்கொண்டு, வகுப்பில் கற்ற பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகப் பதில் சொன்னார். அது காய்ந்துவிட்டது என்றார். உள்ளே எடுத்துவிட்டேன் என்றார்.